நான்-பிளாக்கிங் கனெக்ட்: கெர்னலுக்குள் மறுமுயற்சியை எப்படி எழுதுவது?

கேள்வியின் சாரம் இது. லினக்ஸ் கெர்னல் மாட்யூல் ஒன்று, தொலைவில் உள்ள சர்வருடன் ஒரு டிசிபி இணைப்பை எப்போதும் வைத்திருக்க வேண்டும். இணைப்பைத் தொடங்கும் கெர்னல்_கனெக்ட்டை, முடிவுக்குக் காத்திராமல் உடனே திரும்பச் சொல்லும் ஓ_நான்பிளாக் கொடியோடு அழைக்கிறது. பூஜ்யம் வராவிட்டால் தோல்வி என்று எடுத்துக்கொண்டு, 100 மில்லிவிநாடி கழித்து அதே சாக்கெட்டில் மறுபடி அழைக்கிறது. முதலில் ஈ-இன்ப்ராக்ரஸ் (தொடங்கியது, இன்னும் முடியவில்லை) வருகிறது, அப்புறம் வரிசையாக ஈ-ஆல்ரெடி (ஏற்கெனவே நடக்கிறது). சர்வர் நின்றிருந்தால் ஈ-இன்ப்ராக்ரஸும் ஈ-கான்அபார்ட்டடும் (இணைப்பு முறிந்தது) மாறி மாறி வருகின்றன. எப்போதாவது ஈ-இஸ்கான் (ஏற்கெனவே இணைந்தாயிற்று) வந்து, நல்ல இணைப்பையே மாட்யூல் மூடிவிடுகிறது. இதைச் சரியாக எழுதுவது எப்படி?

முடியாத கனெக்ட் வேறு, தோற்ற கனெக்ட் வேறு. ஈ-இன்ப்ராக்ரஸ் வந்தது என்றால் இணைப்பைக் கேட்கும் முதல் செய்தியான சின் பாக்கெட் கிளம்பிவிட்டது, பதில் வராவிட்டால் அதைத் திரும்ப அனுப்பும் பொறுப்பையும் டிசிபி எடுத்துக்கொண்டுவிட்டது. ஆக இங்கே மறுமுயற்சி இரண்டு அடுக்குகளில் நடக்கிறது. சின்னை மறுபடி அனுப்புவது டிசிபியின் வேலை. அந்த முயற்சி முழுதாகத் தோற்ற பிறகு புதிய முயற்சியைத் தொடங்குவது உங்கள் வேலை. 100 மில்லிவிநாடிக்கு ஒரு முறை கனெக்ட்டை அழைப்பதால் ஒரு சின் கூட அதிகமாகப் போகாது. உங்களுக்கு வந்த பிழைக் குறிகள் எல்லாமே இந்த இரண்டு அடுக்குகளும் கலந்துபோனதால் வந்தவை.

அந்தக் குறிகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடலாம். சாக்கெட்டுக்கு இரண்டு நிலைகள் உண்டு. சாக்கெட் அமைப்பில் இருக்கும் நிலை ஒன்று: இணைக்கப்படாதது, இணைந்துகொண்டிருப்பது, இணைந்தது. அதற்கு அடியில் டிசிபியின் சொந்த நிலை இன்னொன்று: குளோஸ், சின்-சென்ட், எஸ்டாப்ளிஷ்டு. கீழ்நிலை பாக்கெட் வந்தவுடன் மாறும். மேல்நிலையோ, யாராவது கனெக்ட்டை மறுபடி அழைத்தால்தான் புதுப்பிக்கப்படும். அதனால்தான் இத்தனை குழப்பமும்.

முதல் அழைப்பில் மேல்நிலை ‘இணைந்துகொண்டிருப்பது’ ஆகிறது, கீழ்நிலை சின்-சென்ட். இந்நிலையில் மறுபடி அழைத்தால் ஈ-ஆல்ரெடி. இது பிழையே அல்ல, ‘பொறு, நடந்துகொண்டிருக்கிறது’ என்ற பதில். இதற்குள் கைகுலுக்கல் (இணைப்பை நிறுவும் செய்திப் பரிமாற்றம்) முடிந்திருந்தால், அடுத்த அழைப்பு ஒரே ஒரு முறை பூஜ்யம் தரும், அதற்கடுத்த அழைப்பு ஈ-இஸ்கான் தரும். உங்கள் மாட்யூல் அனுப்பும் பாதையிலிருந்தும் டைமரிலிருந்தும், இரண்டு இடங்களிலிருந்து கனெக்ட்டை அழைக்கிறது என்றால், ஒன்று பூஜ்யத்தைப் பெற்றுக்கொள்ளும், மற்றதற்கு ஈ-இஸ்கான் போகும். அதைத் தோல்வி என்று எண்ணி இணைப்பை மூடுவது அந்த இரண்டாவது இடம்தான்.

சர்வர் ரீசெட் (இணைப்பை மறுக்கும் பாக்கெட்) அனுப்பினால் கீழ்நிலை குளோஸுக்குப் போய்விடும், மேல்நிலை மட்டும் ‘இணைந்துகொண்டிருப்பது’ என்றே நிற்கும். இப்போது கனெக்ட்டை அழைத்தால் புதிய சின் எதுவும் போகாது. பழைய முயற்சியின் பிழையை எடுத்துத் தந்துவிட்டு, சாக்கெட்டை இணைக்கப்படாத நிலைக்குத் திருப்பும், அவ்வளவுதான். சேமித்து வைத்த பிழை இருந்தால் அது ஈ-கான்ரெஃப்யூஸ்டு (இணைப்பு மறுக்கப்பட்டது). அதை உங்கள் கோடே ஏற்கெனவே சாக்_எரர் மூலம் படித்து லாக்கில் எழுதியிருந்தால், படித்ததும் அது அழிந்திருக்கும். மிச்சம் எதுவும் இல்லாததால் ஈ-கான்அபார்ட்டடு வரும். அதற்கடுத்த அழைப்புதான் உண்மையில் புது முயற்சி. ஒன்றுவிட்டு ஒன்று குறி மாறி வருவதன் காரணம் இதுவே.

எனவே முதல் விதி: ஒரு சாக்கெட்டுக்கு ஒரு கனெக்ட். முடிவைத் தெரிந்துகொள்ள மறுபடி கனெக்ட்டை அழைக்காதீர்கள், நிலை மாறும்போது கெர்னலே அழைக்கும் உங்கள் செயற்கூறான கால்பேக் மூலம் தெரிந்துகொள்ளுங்கள். முயற்சி தோற்றால் சாக்கெட்டை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்குங்கள். லினக்ஸ் பழைய சாக்கெட்டையே மறுபடி பயன்படுத்த விடும் என்பது உண்மை. ஆனால் தோற்ற கனெக்ட்டுக்குப் பின் சாக்கெட்டின் நிலை என்ன என்று போசிக்ஸ் தரநிலை வரையறுக்கவே இல்லை. பழைய முயற்சியின் எச்சங்கள் எதுவும் தொடராது என்ற நிம்மதிக்காகவே புது சாக்கெட் நல்லது.

இனி நேரக் கணக்கு. சின்னுக்கான தொடக்க டைமர் 1 விநாடி, ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். எத்தனை மறு சின் என்று சொல்லும் டிசிபி_சின்_ரீட்ரைஸ் அமைப்பின் இயல்பு மதிப்பு 6. முதல் சின்னிலிருந்து எண்ணினால் 1, 3, 7, 15, 31, 63-ஆம் விநாடிகளில் மறுபடி அனுப்பி, 127-ஆம் விநாடியில் ஈ-டைம்டவுட் கொடுத்துக் கைவிடும். 6.5 கெர்னலிலிருந்து டிசிபி_சின்_லீனியர்_டைம்அவுட்ஸ் என்ற அமைப்பு சேர்ந்திருக்கிறது, இயல்பு மதிப்பு 4. அதன்படி இரட்டிப்பு தொடங்கும் முன் முதல் சில சின்கள் விநாடிக்கு ஒன்றாகவே போகும், மொத்தக் காலம் 131 விநாடி ஆகும். இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க உங்களுக்கு விருப்பமில்லை என்றால், சாக்கெட்டுக்கு மட்டும் டிசிபி_சாக்_செட்_சின்கவுன்ட் மூலம் எண்ணிக்கையைக் குறைக்கலாம். நெட்வொர்க் வழியே சேமிப்பகத்தை அணுகும் என்விஎம்ஈ-டிசிபி டிரைவர் இதை 1 என்று வைக்கிறது. பழைய கெர்னலில் 1 என்றால் 3 விநாடியில் முடிவு தெரியும். 6.5-க்குப் பிறகு அந்த நேர்கோட்டு முறைகள் நான்கும் கூடுதலாகச் சேர்வதால் அதே 1-க்கு ஏறக்குறைய 7 விநாடி ஆகும். 2 என்று வைத்தால் பழையதில் 7, புதியதில் 11. கெர்னலைப் புதுப்பித்ததும் ‘இணைப்பு தோல்வி தாமதமாகத் தெரிகிறது’ என்று புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

இதற்கு மேல் உங்கள் சொந்தக் கெடு ஒன்றும் வையுங்கள், அதாவது இத்தனை விநாடிக்குள் எஸ்டாப்ளிஷ்டு ஆகாவிட்டால் கலைத்துவிடு என்று ஒரு டிலேய்டு வொர்க் (குறித்த நேரம் கழித்துக் கெர்னல் ஓட்டும் வேலை). கெடுவை சின் போகும் நேரத்திலேயே வைக்கக் கூடாது. பழைய கெர்னலில் சரியாக 3 விநாடி என்று வைத்தால், இரண்டாவது மறு சின் கிளம்பும் அதே கணத்தில் சாக்கெட்டை மூடுகிறீர்கள், அதன் பதில் வர இடமே இல்லை. கடைசிச் சின்னுக்குப் பிறகு குறைந்தது ஒரு விநாடியாவது பதிலுக்கு விடுங்கள். சின் எண்ணிக்கை 2, சொந்தக் கெடு 12 விநாடி என்ற சேர்க்கை இரண்டு வகைக் கெர்னலிலும் ஒழுங்காக நடக்கும். டிசிபியே முதலில் முடிவு சொல்லும், உங்கள் கெடு வெறும் பாதுகாப்பு வேலியாக நிற்கும். சர்வரின் வரவேற்பு வரிசை (சர்வர் ஏற்கக் காத்திருக்கும் இணைப்புகள்) நிரம்பியிருந்தால் லினக்ஸ் சர்வர் வழக்கமாக ரீசெட் அனுப்பாது, சத்தமில்லாமல் பாக்கெட்டை விட்டுவிடும். அப்போது உங்களைக் காப்பாற்றுவது அந்த மறு சின்தான். ஒரு விநாடிக்கும் குறைவான கெடு வைப்பவர்கள் அந்த வாய்ப்பைத் தாங்களே அறுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது கால்பேக். நிலை மாற்றத்தைச் சொல்லும் எஸ்கே_ஸ்டேட்_சேஞ்ச், பிழையைச் சொல்லும் எஸ்கே_எரர்_ரிப்போர்ட் இரண்டையும் எஸ்கே_கால்பேக்_லாக்கை எழுதும் முறையில் பிடித்துக்கொண்டு மாற்றுங்கள், பழைய சுட்டிகளைச் சேமித்து வையுங்கள். இதை கனெக்ட்டுக்கு முன்பே செய்ய வேண்டும். ‘ஈ-இன்ப்ராக்ரஸ் வந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம்’ என்று விட்டால், அதற்குள் நிலை மாறியிருக்கும், உங்களை எழுப்ப யாரும் வர மாட்டார்கள்.

லூப்பேக்கில் (கணினி தன்னோடே பேசும் இடைமுகம்) இது இன்னும் நெருக்கமாகத் தெரியும். கனெக்ட் ஓடும்போது சாக்கெட் லாக் அதன் கையில் இருக்கிறது. அந்த நேரத்திலேயே திரும்பி வரும் சின்-ஆக் (சின்னுக்கான சம்மதப் பதில்), லாக் கிடைக்காததால் சாக்கெட்டின் பேக்லாக்கில் (காத்திருப்பு வரிசை) போய் உட்காரும். கனெக்ட் ஈ-இன்ப்ராக்ரஸ் என்று முடிவெடுத்துவிட்டு லாக்கை விடும்போது, அந்த பேக்லாக் அங்கேயே செயல்படுத்தப்படும். அதாவது கெர்னல்_கனெக்ட் உங்களிடம் திரும்பி வரும் முன்பே, அதன் வயிற்றுக்குள்ளிருந்தே உங்கள் ஸ்டேட்_சேஞ்ச் கால்பேக் ஓடிவிடும். கெர்னல்_கனெக்ட்டைச் சுற்றி நீங்கள் ஒரு லாக் பிடித்திருந்து, கால்பேக்கும் அதே லாக்கைக் கேட்டால் அங்கேயே முடிச்சு விழும். வெளி நெட்வொர்க்கில் மாதக்கணக்கில் ஓடிய கோடு, சோதனைக்கு லூப்பேக்கில் வைத்ததும் உறைந்துபோவது இப்படித்தான். அதே காரணத்தால், கனெக்ட் திரும்பிய பிறகு ‘இணைந்துகொண்டிருக்கிறேன்’ என்று உங்கள் சொந்தக் கொடியை எழுதாதீர்கள். அழைக்கும் முன் எழுதுங்கள். இல்லையென்றால் கால்பேக் எழுதிவைத்த ‘இணைந்துவிட்டது’ என்பதன் மேல் பழைய செய்தியை அப்பிவிடுவீர்கள்.

கால்பேக் பெரும்பாலும் சாஃப்ட்ஐஆர்க்யூ (குறுக்கீட்டைத் தொடர்ந்து ஓடும் வேலை) சூழலில் ஓடும், அங்கே தூங்கக் கூடாது. அதில் செய்ய வேண்டியது மூன்றே: சாக்கெட்டின் பயனர் தரவு இன்னும் நமதுதானா என்று பார்ப்பது, நிலையையோ பிழையையோ ஒரு கொடியில் குறிப்பது, வொர்க்கை வரிசையில் போடுவது. பிழையை எஸ்கே_எர் புலத்திலிருந்து படித்தால் போதும், அழிக்கத் தேவையில்லை. ஒரு தோல்விக்கு ஸ்டேட்_சேஞ்ச், எரர்_ரிப்போர்ட் இரண்டுமே வரக்கூடும். எது முன்னால் வரும் என்பது பிழை வந்த பாதைக்கும் கெர்னல் பதிப்புக்கும் ஏற்ப மாறும், அந்த வரிசையை நம்பி எதையும் கட்டாதீர்கள். கொடியை எழுதிவிட்டு அப்புறம் க்யூ_வொர்க் என்ற ஒழுங்கு இருந்தால், வொர்க் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்த நிகழ்வும் தொலையாது, மறுபடி ஒரு முறை ஓடும்.

கனெக்ட், சாக்கெட்டை உருவாக்குவது, விடுவது எல்லாம் அந்த வொர்க்குக்குள்தான். நான்-பிளாக்கிங் என்பதால் கெர்னல்_கனெக்ட் தூங்காது என்று நினைப்பவர்கள் நிறைய. அது இணைப்புக்காகக் காத்திருக்காது என்பது மட்டுமே உத்தரவாதம். சாக்கெட் லாக்குக்காகவும் நினைவக ஒதுக்கீட்டுக்காகவும் தாராளமாகத் தூங்கும். ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் லாக்) பிடித்துக்கொண்டோ டைமர் கால்பேக்கிலிருந்தோ அதை அழைக்கவே கூடாது.

உங்கள் மாட்யூல் ஃபைல் சிஸ்டத்துக்கோ பிளாக் சாதனத்துக்கோ சேவை செய்கிறது என்றால், இந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நினைவகம் தீரும்போது கெர்னல் அழுக்குப் பக்கங்களை (டிஸ்கில் இன்னும் எழுதப்படாத தரவு) எழுதித் தள்ளப் பார்க்கும். எழுத இணைப்பு வேண்டும். இணைப்பு அறுந்திருக்கிறது. மறுபடி இணைக்க சாக்கெட் உருவாக்க வேண்டும், அதற்கு நினைவகம் வேண்டும். அந்த ஒதுக்கீடு மறுபடி உங்கள் சாதனத்திலேயே எழுதக் காத்திருக்கும். வட்டம் மூடிக்கொள்ளும், கணினி அப்படியே நிற்கும். தப்பிக்கும் வழி: வொர்க்க்யூவை (வொர்க்குகள் ஓடும் வரிசை) நினைவகம் தீர்ந்தாலும் ஓடவைக்கும் டபிள்யூக்யூ_மெம்_ரீக்ளெய்ம் கொடியோடு உருவாக்குவது, எஸ்கே_அலோகேஷன் புலத்தை பிளாக் சாதனம் என்றால் ஜிஎஃப்பி_நோஐஓ என்றும் ஃபைல் சிஸ்டம் என்றால் ஜிஎஃப்பி_நோஎஃப்எஸ் என்றும் வைப்பது, வொர்க் ஓடும் பகுதி முழுவதையும் மெம்அலாக்_நோஐஓ_சேவ், ரீஸ்டோர் ஜோடிக்குள் அடைப்பது. கடைசியானதை விட்டுவிடாதீர்கள். சாக்கெட் உருவாக்கத்தின்போது நடக்கும் ஒதுக்கீடுகளுக்கு எஸ்கே_அலோகேஷன் எட்டாது. நெட்வொர்க் ஃபைல் சிஸ்டமான என்எஃப்எஸ் பயன்படுத்தும் சன்ஆர்பிசி கோடும் தன் இணைப்பு வேலையை இப்படியொரு தனி வொர்க்க்யூவில்தான் வைத்திருக்கிறது.

சாக்கெட்டைக் கலைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் கால்பேக் லாக்கைப் பிடித்து பழைய கால்பேக்குகளைத் திருப்பி வைத்து, பயனர் தரவுச் சுட்டியை வெறுமையாக்குங்கள். பிறகு ஷட்டவுன், பிறகு சாக்_ரிலீஸ். தலைகீழாகச் செய்தால், நீங்களே செய்யும் ஷட்டவுன் உங்கள் கால்பேக்கைத் தட்டி, ‘இணைப்பு அறுந்தது’ என்று இன்னொரு மறுமுயற்சியைக் கிளப்பும். கால்பேக்கும் அதே லாக்கைப் படிக்கும் முறையில் பிடித்துப் பயனர் தரவைச் சரிபார்த்தால், சுட்டி வெறுமையான பின் பழைய சாக்கெட்டிலிருந்து எந்தச் செய்தியும் கசியாது. ஆனால் அதற்கு முன்பே வரிசையில் ஏறிவிட்ட வொர்க் இருக்கும். அதற்காக ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தலைமுறை எண் கொடுங்கள். கொடியில் குறிக்கும்போது எண்ணையும் குறியுங்கள், வொர்க் எழுந்ததும் எண் பொருந்தாவிட்டால் அந்தச் செய்தியைக் கைவிடட்டும். மாட்யூலை அகற்றும்போது கேன்சல்_டிலேய்டு_வொர்க்_சிங்க் அழைக்க வேண்டும், ஆனால் அதே வொர்க்குக்குள்ளிருந்து அல்ல. தன்னைத் தானே காத்திருந்தால் எழவே எழாது.

எந்தப் பிழைக்கு என்ன செய்வது? ஈ-கான்ரெஃப்யூஸ்டு, ஈ-டைம்டவுட், ஈ-ஹோஸ்ட்அன்ரீச், ஈ-நெட்அன்ரீச், ஈ-நெட்டவுன், ஈ-கான்ரீசெட், ஈ-நோமெம், ஈ-நோபஃப்ஸ் எல்லாவற்றுக்கும் இடைவெளி விட்டு மறுபடி முயலலாம். ஈ-இன்வால், ஈ-ஏஎஃப்நோசப்போர்ட், ஈ-ஆக்சஸ், ஈ-பெர்ம் வந்தால் நிறுத்திவிட்டு நிர்வாகிக்குச் சொல்லுங்கள். முகவரியோ பாதுகாப்புக் கொள்கையோ மாறாமல் அவை சரியாகப் போவதில்லை. ஹோஸ்ட்அன்ரீச் (சர்வரை எட்ட முடியவில்லை) பற்றி ஒரு வார்த்தை. ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளை அறிவிக்கும் நெறிமுறை) வழியாக வரும் இத்தகைய செய்திகளைத் தற்காலிகமானவையாக எடுத்துக்கொண்டு இணைப்பைக் கைவிடக் கூடாது என்று 1989-இன் இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 1122 சொல்கிறது. ஆனால் சின்-சென்ட் நிலையில் லினக்ஸ் உடனே கைவிடும், பல அமைப்புகள் அப்படியே செய்வதை 2009-இன் ஆர்எஃப்சி 5461 பதிவு செய்கிறது. ஆகவே ரவுட்டர் மறுதொடக்கம் ஆகும் அரை நிமிடத்தில் உங்களுக்கு டைம்டவுட்டுக்குப் பதில் அன்ரீச் மளமளவென்று வரும். அதை நிரந்தரத் தோல்வி என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள்.

ஈ-அட்ரெஸ்நாட்அவெய்ல் (முகவரி கிடைக்கவில்லை) தனிக் கவனம் கேட்கும். மூல முகவரி இன்னும் இடைமுகத்தில் ஏறவில்லை என்பது ஒரு காரணம். மறுமுயற்சியே போர்ட்டுகளைத் தின்றுவிட்டது என்பது இன்னொன்று. மூல போர்ட்டுகளின் இயல்பான வரம்பு 32768 முதல் 60999 வரை, ஒரே சர்வர் போர்ட்டுக்கு 28232 வாய்ப்புகள். இணைந்து இணைந்து நீங்களே முதலில் மூடினால் ஒவ்வொன்றும் டைம்-வெயிட்டில் (மூடிய பிறகும் போர்ட்டைப் பிடித்திருக்கும் நிலை) 60 விநாடி கிடக்கும். இதற்கு மருந்து இடைவெளியை நீட்டுவதுதான், குறைப்பது நோயை வளர்க்கும்.

இடைவெளிக்கு 3 விநாடியில் தொடங்கி இரட்டித்து 60-இல் நிறுத்துவது பெரும்பாலான வேலைக்குப் போதும். கணக்கிட்ட நேரத்தில் பாதியை அப்படியே வைத்து, மறு பாதியைத் தற்செயல் எண்ணால் நிரப்புங்கள். சர்வர் விழுந்து எழும்போது நூறு கிளையன்ட்டுகள் ஒரே நொடியில் கதவைத் தட்டாமல் இருக்க அது வேண்டும். இடைவெளியை மறுபடி 3-க்குக் குறைப்பது எப்போது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எஸ்டாப்ளிஷ்டு ஆனதும் குறைக்கக் கூடாது. கைகுலுக்கலை முடிப்பது எதிர்ப்பக்கக் கெர்னல். அங்கே சர்வர் புரோகிராம் உறைந்திருந்தாலும் வரவேற்பு வரிசையில் இடம் இருக்கும்வரை எஸ்டாப்ளிஷ்டு வந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் நெறிமுறையின் முதல் பதில் சர்வரிடமிருந்து வந்த பிறகே குறையுங்கள்.

அனுப்பும் பாதை, ‘இணைப்பு இல்லையே’ என்று ஒவ்வொரு முறையும் வொர்க்கை உடனடியாகக் கிளப்பினால் இந்த இடைவெளி முழுதும் வீண். அடுத்த முயற்சிக்கான ஜிஃபீஸ் (கெர்னலின் நேர எண்ணி) மதிப்பை ஒரே இடத்தில் வைத்து, எல்லோரும் அதை மதிக்கட்டும். ஒப்பிட டைம்_பிஃபோர் மேக்ரோவையே பயன்படுத்துங்கள். 32-பிட் கெர்னலில் ஜிஃபீஸ் பூட் ஆன 5 நிமிடத்தில் பூஜ்யத்துக்குச் சுற்றிவரும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருக்கிறது, நேரடி ஒப்பீடு அங்கேயே அம்பலமாகும். நிர்வாகி ‘இப்போதே முயற்சி செய்’ என்றால் க்யூ_டிலேய்டு_வொர்க் போதாது. ஏற்கெனவே காத்திருக்கும் வொர்க்கை அது தொடாது. மாட்_டிலேய்டு_வொர்க் வேண்டும்.

சோதிக்கும்போது லூப்பேக்கில் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. சர்வர் போர்ட் அந்த 32768–60999 வரம்புக்குள் இருந்து, சர்வர் ஓடாமல் இருக்கும்போது நீங்கள் விடாமல் முயன்றால், என்றோ ஒரு முறை கெர்னல் அதே எண்ணை மூல போர்ட்டாகத் தேர்ந்தெடுக்கும். சாக்கெட் தனக்குத் தானே சின் அனுப்பி, இரு முனைகளும் ஒரே நேரத்தில் சின் அனுப்பி இணையலாம் என்ற டிசிபி விதிப்படி தன்னோடு தானே இணைந்துவிடும். நீங்கள் எழுதியதே உங்களுக்குத் திரும்பி வரும். சர்வரைக் கிளப்பினால் அதற்கு ஈ-அட்ரெஸ்இன்யூஸ் (முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்) வரும். இணைந்ததும் இரு முனைகளின் முகவரியும் போர்ட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்றானால் மூடிவிடுங்கள். அல்லது அந்த போர்ட்டை, கெர்னல் தானாகத் தேர்ந்தெடுக்காத போர்ட்டுகளின் பட்டியலான ஐபி_லோக்கல்_ரிசர்வ்டு_போர்ட்ஸில் சேருங்கள்.

குறைந்தது நான்கு நிலைமைகளையாவது ஓட்டிப் பாருங்கள்: ஃபயர்வாலில் சின்னைச் சத்தமில்லாமல் விழுங்குவது, ரீசெட் கொடுத்து மறுப்பது, நெட்எம் கருவியை வைத்து ஒன்றரை விநாடி தாமதம் சேர்ப்பது, இணைந்துகொண்டிருக்கும்போதே மாட்யூலை அகற்றுவது. மூன்றாவதில் முதல் சின்னுக்கான பதில் வரும் முன் மறு சின் போயிருக்கும், ஆனால் இணைப்பு ஒன்றுதான் உருவாக வேண்டும். சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை டைமர் காட்டும் தேர்வோடு சின்-சென்ட் வடிகட்டியில் ஓட்டினால், எத்தனை முறை மறுபடி அனுப்பப்பட்டது, அடுத்தது எப்போது என்று நேரடியாகத் தெரியும். அங்கே ஒரே சர்வருக்கு இரண்டு வரிகள் தெரிந்தால் பழைய சாக்கெட் எங்கோ விடுபடாமல் இருக்கிறது. நிலை மாற்றங்களை ஒன்று விடாமல் பார்க்க இனெட்_சாக்_செட்_ஸ்டேட் டிரேஸ்பாயின்ட் (கெர்னலின் கண்காணிப்புப் புள்ளி) போதும். லாக் முடிச்சுகளைக் கண்டுபிடிக்கும் லாக்டெப்பும், அணுச்சூழலில் (தூங்கக் கூடாத இடத்தில்) தூங்குவதைப் பிடிக்கும் டீபக் அமைப்பும் இயக்கிய கெர்னலில்தான் இவை அனைத்தையும் ஓட்டுங்கள். நான்காவது நிலைமை இவை இல்லாமல் பல முறை சும்மா தேறிவிடும்.